தனியாக வந்தால் பேசுவதில்லை

புஷ்பராணி டீச்சரிடம் யாருக்கும் சலுகை கிடையாது. மூக்கைச் சிந்திக்கொண்டு வரும் மருமகளுக்கும் கிடையாது, ஆங்கிலத்தில் அளந்து மயக்கப் பார்க்கும் மாப்பிள்ளைக்கும் கிடையாது. ஜார்ஜ் டவுனில் மெக்காலிஸ்டர் சாலைக்குப் பின்புறம், யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் நலச் சங்கத்தின் மாடியில் அவருக்கு ஓர் அறை. புதனும் வெள்ளியும் மதியம் இரண்டு மணிக்குத் திறக்கும். அறைக் கதவில் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் அவர் கையாலேயே எழுதி ஒட்டியது: "தம்பதியர் இருவரும் சேர்ந்தே வரவும். தனியாக வந்தால் பேசுவதில்லை."

முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர். அதில் கடைசிப் பதினான்கு வருடம் மாணவர்களுக்கு ஆலோசகர். அறுபதில் ஓய்வு கொடுத்ததும் மற்றவர்கள் கோயில் கமிட்டியில் சேருவார்கள், ஆஸ்திரேலியாவில் இருக்கும் பிள்ளை வீட்டுக்குப் போய்க் குளிரில் நடுங்குவார்கள். இவர் குடும்ப ஆலோசனைக்கு உரிமம் வாங்கிக்கொண்டு சங்கத் தலைவர் ஐயாத்துரை முன்னால் போய் நின்றார். ஐயாத்துரை அவரோடு சின்ன வயதில் ஒரே தெருவில் வளர்ந்தவர். "நீ கல்யாணமே கட்டல புஷ்பம், உனக்குப் புருஷன் பெண்டாட்டி சண்டையில என்ன தெரியும்?" என்று கேட்டார். "நீ கட்டி நாப்பது வருஷமாச்சு, உனக்கு என்ன தெரிஞ்சிச்சு?" என்று இவர் திருப்பிக் கேட்டார். அறை கிடைத்தது.

கதவில் ஒட்டிய விதி சும்மா வந்ததல்ல. டீச்சருக்குச் சிவயோகம் என்று ஓர் அக்கா இருந்தார். எண்பத்தொன்றாம் ஆண்டு அக்காவின் குடும்பத்தில் தகராறு வந்து, பெரியவர்கள் கூடிப் பேசுவதற்கு மாமா வீட்டில் நாள் குறித்தார்கள். அக்காவைப் பதினொரு மணிக்கு வரச் சொன்னார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒன்பது மணிக்கே வந்து, பசியாறி, தேத்தண்ணி குடித்து, சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டார்கள். அக்காவும் அப்போது இருபத்திரண்டு வயதான டீச்சரும் உள்ளே நுழைந்தபோது, "எல்லாம் பேசியாச்சு பிள்ளை, இனி என்ன இருக்கு?" என்றார் மாமா. நான்கு வயது மகன் அப்பாவோடு போய்விட்டான். அக்கா அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருடம் தங்கை வீட்டுப் பின்னறையில் இருந்து, அங்கேயே செத்தும் போனார். ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுவிட்டு மறுபக்கத்துக்குத் தீர்ப்பு எழுதுகிற ஆட்களை டீச்சர் அதற்குப் பிறகு மன்னித்ததே இல்லை. தான் மட்டும் அப்படி ஆகிவிடக் கூடாது என்பதில் அவருக்கு ஒரு வெறி என்றே சொல்லலாம்.

அவருடைய வழி எளிமையானது. சண்டையே இல்லாத வீடு என்று யாராவது பெருமையடித்தால் டீச்சர் நம்ப மாட்டார். சண்டையை மூடாதீர்கள், திறந்து பாருங்கள், அதற்குள்தான் பாடம் இருக்கிறது என்பார். மூன்று நாற்காலிகள், மூன்றும் ஒரே உயரம். ஒருவர் சொல்ல வேண்டும். மற்றவர் வாயை மூடிக் கேட்டுவிட்டு, கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் "ஆமா, அதுதான்" என்கிற வரைக்கும் திருப்பிச் சொல்ல வேண்டும். வீட்டுப் பாடமும் உண்டு. ஆளுக்கு ஒரு கொப்பி, கோடு போட்ட நோட்டு. அந்த வாரம் நடந்த சண்டையைக் கணவன் மனைவியின் கண்ணால் எழுத வேண்டும், மனைவி கணவனின் கண்ணால் எழுத வேண்டும்.

சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் வேலை செய்தது. வாசு என்று ஆயர் ஈத்தாம் என்ற ஊரிலிருந்து ஒருவர் வந்தார். தினமும் வேலை முடிந்து வந்து, வீட்டு வாசலில் காரை நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் இருபது நிமிடம் உள்ளேயே உட்கார்ந்திருப்பார். வேறு எவளோடோ போனில் பேசுகிறார் என்று மனைவிக்குச் சந்தேகம். அவர் யாரோடும் பேசவில்லை. தொழிற்சாலையில் வாங்கிய ஏச்சு வீட்டுக்குள் வராதிருக்கட்டும் என்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கொப்பியில் மனைவியின் இடத்திலிருந்து அவர் எழுதினார்: "வாசல்ல லைட் போட்டேன். காடி நிக்குது. அவர் இறங்கல. நான் அவ்வளவு கசப்பா?" அதைப் படிக்கும்போது அவருக்கே குரல் உடைந்துவிட்டது. இப்போது இரண்டு பேரும் அந்த இருபது நிமிடம் காரிலேயே சேர்ந்து உட்கார்ந்திருக்கிறார்களாம். இப்படி எட்டுப் பத்து குடும்பங்கள். டீச்சருக்குத் தன் முறைமேல் நம்பிக்கை வந்ததில் தப்பொன்றும் இல்லை. நம்பிக்கை கண்ணை மறைத்ததுதான் தப்பு.

தனேஷ் தானாகவே போன் செய்து நேரம் கேட்டான். ஆண்கள் தாமாக வருவது ஆயிரத்தில் ஒன்று என்பதால் டீச்சருக்கு அப்போதே அவனைப் பிடித்துப்போயிற்று. புக்கிட் தெங்காவில் மின்னணுத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். மனைவி ஜெகதீஸ்வரி செபராங் ஜெயாவில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் கிளார்க். சிம்பாங் அம்பாட்டில் மாடி வைத்த வரிசை வீடு, கல்யாணமாகி ஆறு வருடம், பிள்ளை இல்லை. வாரா வாரம் புதன்கிழமை இரண்டு பேரும் கடற்பாலம் தாண்டித் தீவுக்கு வந்தார்கள்.

"எனக்குக் கோவம் வருது டீச்சர், அதான் ப்ராப்ளம். நான் மாறணும்னு நெனைக்கிறேன்" என்றான் முதல் நாளே. இப்படி ஒரு வாக்கியத்தை ஓர் ஆண் வாயிலிருந்து வரவழைக்க டீச்சருக்கு வழக்கமாக ஐந்து வாரம் பிடிக்கும்.

கேட்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. ஜெகதீஸ்வரி பேசும்போது முன்னால் சாய்ந்து உட்காருவான், தலையாட்டுவான், குறுக்கே ஒரு சொல் பேச மாட்டான். பிறகு அவள் சொன்னதை ஒரு சொல் சிந்தாமல் திருப்பிச் சொல்லிவிட்டு, "சரியா சொன்னேனா?" என்று கேட்பான். அவள் அவன் முகத்தைப் பார்ப்பாள். பிறகு "ஆமா, அதுதான்" என்பாள். பேசும்போது முகத்தைப் பாருங்கள் என்று சொல்லிக் கொடுத்தவர் டீச்சர்தான் என்பதால், அந்தப் பார்வையும் அவருக்குத் தன் பாடம் பலித்ததாகவே தெரிந்தது.

கொப்பியிலும் அவன்தான் முதல் மாணவன். அவள் இடத்திலிருந்து ஐந்து பக்கம், ஆறு பக்கம் எழுதுவான். அவள் முதல் வாரம் ஒன்றரைப் பக்கம் எழுதினாள். இரண்டாம் வாரம் ஒரு பக்கம். ஆறாம் வாரம் இரண்டே வரி: "அவருக்கு டயர்டா இருந்தது. நான் அதைப் புரிஞ்சுக்கல." அந்தக் கொப்பி சுருங்கிக்கொண்டே வந்த விதத்தை ஒரு வகுப்பாசிரியர் பார்த்திருந்தால்கூட என்னம்மா விஷயம் என்று கேட்டிருப்பார். முப்பத்தைந்து வருடம் கொப்பி திருத்திய டீச்சர் கேட்கவில்லை. கோபித்துக்கொண்டார்.

"தனேஷ் எவ்வளவு முயற்சி எடுக்கிறார் பாருங்க. நீங்களும் கொஞ்சம் எடுக்கணும் இல்லையா, ஜெகதீஸ்வரி?"

"சரி டீச்சர்."

"அவருக்கு மட்டும் வீட்டுப் பாடம் இல்லம்மா. ரெண்டு பேருக்கும்தான்."

"சரி டீச்சர்" என்றாள் அவள் மறுபடியும். தனேஷ் குறுக்கிட்டு, "விடுங்க டீச்சர், அவளுக்கு ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி" என்று அவளுக்காகப் பரிந்து பேசினான். அன்று வீட்டுக்குப் போனதும் டீச்சர் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்தார்: "கணவரிடம் நல்ல முன்னேற்றம். மனைவி ஒத்துழைப்பு குறைவு."

ஒன்பதாவது புதன்கிழமை மழை பிடித்துக்கொண்டது. இரண்டரை மணிக்கு அவர்களுக்கு நேரம். ஒன்றே முக்காலுக்கு டீச்சர் படியேறி வந்தபோது கதவுக்கு வெளியே ஜெகதீஸ்வரி நின்றுகொண்டிருந்தாள். தனியாக. அலுவலகத்தில் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, பஸ் பிடித்து, ஃபெர்ரி ஏறி வந்திருக்கிறாள். செருப்பெல்லாம் ஈரம்.

"தனேஷ் எங்கம்மா?"

"அவர் வேலையிலிருந்து நேரா வருவாரு. டீச்சர், ஒரு அஞ்சு நிமிஷம். அவர் வர்றதுக்குள்ள உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

டீச்சர் கதவில் ஒட்டியிருந்ததைக் காட்டினார். கோபமாக அல்ல, பள்ளிக்கூடத்தில் மணியைக் காட்டுவது போல. "இது எல்லாருக்கும் ஒண்ணுதான்மா. அவர் வந்து உங்களப் பத்தித் தனியா பேசணும்னு கேட்டா, அவருக்கும் இதேதான் சொல்லுவேன். உங்களுக்குப் பின்னால நான் கேட்டேன்னா உங்களுக்கு எப்படி இருக்கும்?"

"தெரியும் டீச்சர். ஆனா இது அவர் இருக்கும்போது பேச முடியாது."

"எதை முன்னால பேச முடியலையோ, அதைத்தான்மா முன்னால பேசிப் பழகணும். அதுக்குத்தானே இவ்வளவு தூரம் வர்றீங்க."

அவள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். "கொப்பி வேணாம் டீச்சர். அந்தக் கொப்பி எழுதுறத மட்டும் நிப்பாட்டிடுங்களேன். அதையாவது..." என்றாள்.

படிக்க விரும்பாத பிள்ளைகள் எத்தனை விதமாகச் சாக்குச் சொல்லும் என்பது டீச்சருக்குத் தெரியும். அவர் காதில் அதுதான் விழுந்தது. "அதையும் அவர் வந்ததும் பேசலாம். கீழ போய் உட்காருங்க, மகேஸ்கிட்ட சூடா ஒரு கோப்பி போடச் சொல்றேன். தலையத் துடைங்க, சளி பிடிச்சுக்கும்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஜெகதீஸ்வரி படியிறங்கிப் போனாள். கீழே நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தாள், கோப்பியைத் தொடவில்லை என்று சங்கத்து எழுத்தர் மகேஸ்வரி பிறகு சொன்னார்.

அத்தோடு நின்றிருந்தால்கூட ஆறுதல் சொல்லிக்கொள்ள ஒரு வழி இருந்திருக்கும். டீச்சரின் நியாயம் அங்கே நிற்கிற நியாயம் அல்ல. கணவனுக்குத் தெரியாமல் மனைவி தன்னிடம் வந்து பேசப் பார்த்தாள் என்பதும் ஒரு ரகசியம்தானே? அதைத் தான் வைத்துக்கொண்டால், மாமா வீட்டில் ஒன்பது மணிக்குத் தேத்தண்ணி குடித்தவர்களுக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்? ஆக, இருவரும் உட்கார்ந்ததும் முதல் வேலையாக அவர் சொன்னார்:

"தனேஷ், ஒரு விஷயம் உங்களுக்குத் தெரியணும். ஜெகதீஸ்வரி இன்னைக்கு முன்னாலேயே வந்துட்டாங்க. என்கிட்ட தனியா ஏதோ பேசணும்னு கேட்டாங்க. நான் கேட்கல. ரெண்டு பேரும் இருக்கும்போதுதான் பேசணும்னு சொல்லிட்டேன். இப்ப சொல்லுங்கம்மா."

தனேஷ் மனைவி பக்கம் திரும்பி, முன்னால் சாய்ந்து, கைகளைக் கோத்துக்கொண்டான். கேட்பதற்குத் தயாரான முகம். "சொல்லு, ஜெகா. பரவால்ல லா. டீச்சர் இருக்காங்க."

"ஒண்ணுமில்ல" என்றாள் அவள். "கொப்பி எழுத டைம் பத்தல. அதான்."

"கொப்பி எழுத உனக்கு டைம் பத்தல. அத என் முன்னால சொல்ல உனக்குக் கஷ்டமா இருந்திச்சு. அதனால எனக்கு முன்னாலேயே வந்துட்ட." நிறுத்தினான். "சரியா சொன்னேனா?"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். "ஆமா, அதுதான்."

டீச்சருக்கு மனநிறைவாக இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. நான்கு மணிக்கு அவர்கள் கிளம்பியபோது மழை விடவில்லை. மாடி ஜன்னலிலிருந்து பார்த்தார். தனேஷ் குடை பிடித்து, மனைவிக்காகக் கார்க் கதவைத் திறந்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலை போன் வந்தது. ருக்குமணி என்ற குரல், ஜெகதீஸ்வரியின் அக்கா என்று சொன்னது. தங்கை ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், தனேஷ் போலீஸ் காவலில் இருக்கிறான், உங்கள் கொப்பி இரண்டையும் போலீஸ் எடுத்துப் போயிருக்கிறது, அதனால் சொல்கிறேன் என்றது. வேறு எதுவும் சொல்லாமல் வைத்துவிட்டது. டீச்சர் அன்று மதியம் வந்திருந்த இரண்டு தம்பதியரையும் திருப்பி அனுப்பிவிட்டு, ஃபெர்ரி ஏறி, டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார். வார்டு வாசலிலேயே ருக்குமணி மறித்துக்கொண்டாள். நாற்பது வயதிருக்கும். கண்ணீரெல்லாம் தீர்ந்துபோன முகம்.

"அவளப் பார்க்க முடியாது டீச்சர்."

"நான் தொந்தரவு பண்ண மாட்டேன்மா. ஒரு தடவ பார்த்துட்டு..."

"பார்க்க முடியாதுன்னு சொல்றேன்ல." ருக்குமணி குரலை உயர்த்தவில்லை. "இடது கண்ணு போச்சு. தாடை உடைஞ்சிருக்கு. என்ன நடந்திச்சுன்னு தெரியணுமா உங்களுக்கு? தெரிஞ்சுக்குங்க. முதல் வருஷத்திலேர்ந்து அடி. எங்கம்மாகிட்ட சொன்னா அனுசரிச்சுப் போன்னு சொன்னாங்க. நானும் சொன்னேன். அப்புறம் உங்ககிட்ட வர ஆரம்பிச்சாங்க. பெரிய டீச்சர், நல்லது நடக்கும்னு நெனைச்சோம். ஒவ்வொரு புதன்கிழமையும் வீட்டுக்குப் போனதும் அவ கொப்பிய எடுத்து வச்சு, ஒவ்வொரு வரியா படிக்கச் சொல்வான். எந்த வரி பிடிக்கலையோ அந்த வரிக்கு அடி. இதத்தான் அவ உங்ககிட்ட சொல்ல வந்தா."

"கொப்பிக்கா?" என்றார் டீச்சர்.

"அன்னைக்கு வீட்டுக்குப் போனதும், தனியா என்ன சொல்லப் போன, சொல்லுன்னு கேட்டிருக்கான். அவ உண்மைய சொல்லல. வேற என்னமோ சொல்லியிருக்கா. அவ சொன்னத அப்படியே திருப்பிச் சொல்லிட்டு, சரியா சொன்னேனான்னு கேட்டுட்டு அடிச்சிருக்கான். மறுபடியும் சொல்லச் சொல்லிட்டு, மறுபடியும். பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா சித்தி ஹாஜரா கதவத் தட்டிக் கூச்சல் போட்டுப் போலீஸுக்குப் போன் பண்ணலேன்னா செத்திருப்பா." ருக்குமணி மூச்சு வாங்கினாள். "நீங்க போங்க டீச்சர். உங்கள நான் ஒண்ணும் பேசக் கூடாதுன்னு பார்க்கிறேன்."

புஷ்பராணி டீச்சர் எப்படி வீடு வந்து சேர்ந்தார் என்பது அவருக்கே நினைவில்லை. இரண்டு நாள் சமைக்கவில்லை. தன் அக்காவுக்கு நடந்தது இன்னொருத்திக்கு நடக்கக் கூடாது என்று ஒரு விதி போட்டு, அதே விதியால் ஒருத்தியின் வாயை அடைத்து, அவள் வாயைத் திறக்கப் பார்த்தாள் என்று காட்டியும் கொடுத்தாயிற்று. இதற்கு அழுகைகூட வரவில்லை. கதவில் ஒட்டியிருந்த காகிதத்தை அவர் நகத்தால் சுரண்டிக் கிழித்ததை மகேஸ்வரி பார்த்தார்.

வழக்கு ஏழு மாதம் கழித்து பட்டர்வொர்த்தில் விசாரணைக்கு வந்தது. தனேஷ் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. மனைவி மாடிப்படியில் விழுந்துவிட்டாள், அக்கம்பக்கத்தார் தப்பாகப் புரிந்துகொண்டார்கள் என்பது அவன் கட்சி. அதற்குச் சாட்சியாக அவனுடைய வழக்கறிஞர் கூப்பிட்டது யாரை என்று நினைக்கிறீர்கள்? டீச்சரைத்தான். ஒன்பது வாரம் தவறாமல் வந்த கணவன், நல்ல முன்னேற்றம் என்று எழுதிய குறிப்பேடு, ஒருமுறைகூட அடி என்று வாய் திறக்காத மனைவி. சம்மனில் கேட்டபடி அந்தக் குறிப்பேடும் கோர்ட்டுக்குப் போயிற்று.

ஐயாத்துரை வீடு தேடி வந்தார். எழுபதைத் தொடும் மனிதர், படியேறிய களைப்பில் நெற்றியைத் துடைத்தார்.

"புஷ்பம், நான் சொல்றத கேளு. பொய் சொல்ல வேணாம். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. ஆமாவா இல்லையா, அவ்வளவுதான். நீயா வாயக் கொடுத்தேன்னா உன் உரிமம் போகும். சங்கத்து மேல கேஸ் வரும். மாடிய இழுத்து மூட வேண்டியதுதான். நல்லபடியா வாழ்ற அத்தனை குடும்பத்துக்கும் நீ என்ன பதில் சொல்லுவ?"

"அந்தப் பொண்ணுக்கு?"

"அதுக்குத்தான் அரசாங்க வக்கீல் இருக்காங்க இல்ல? டாக்டர் ரிப்போர்ட் இருக்கு. பக்கத்து வீட்டுக்காரம்மா இருக்காங்க. உன் ஒரு வார்த்தையிலயா எல்லாம் நிக்குது?"

ஐயாத்துரை கெட்டவர் அல்ல. அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது சட்டப்படி முழு உண்மைதான். கோர்ட்டுக்குக் கிளம்பிய காலையில், அப்படியே செய்துவிடலாம் என்றுதான் டீச்சர் நினைத்திருந்தார். அதைச் சொல்லாமல் விட்டால் அவரை நல்லவராக்கிக் காட்டியதாக ஆகிவிடும்.

கோர்ட்டில் ஜெகதீஸ்வரி ருக்குமணியோடு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். இடது கண்ணில் வெள்ளைத் துணி ஒட்டியிருந்தது. கூண்டில் தனேஷ், இஸ்திரி போட்ட சட்டையோடு, முன்னால் சாய்ந்து எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

வழக்கறிஞர் மலாயில் மரியாதையாகக் கேட்டார். எத்தனை முறை வந்தார்கள்? ஒன்பது. கணவர் ஒருமுறையாவது வராமல் இருந்தாரா? இல்லை. உங்கள் முன்னால் குரலை உயர்த்தினாரா? இல்லை. இந்தக் குறிப்பு உங்கள் கையெழுத்தா? ஆமாம். இந்தப் பெண், கணவர் தன்னை அடிக்கிறார் என்று ஒருமுறையாவது உங்களிடம் சொன்னாரா?

"இல்லை."

"நன்றி, புவான்." மலாயில் அம்மா என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு அவர் உட்காரப் போனார்.

டீச்சர் அந்த நேரத்தில் தனேஷைப் பார்த்தார். மிக லேசாக அவன் தலையாட்டினான். தன் அறையில் ஒன்பது வாரம் பார்த்து மெச்சிய அதே தலையாட்டல். இப்போது அது தனக்காக ஆடுகிறது என்று புரிந்தது.

"இல்லை என்பது உண்மை" என்றார் டீச்சர். "ஆனால் நான் முடிக்கவில்லை."

தனேஷின் வழக்கறிஞர் எழுந்து ஆட்சேபித்தார். கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்றார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அரசுத் தரப்பைப் பார்த்தார். அங்கே இருந்த இளம் வழக்கறிஞர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏன் சொல்லவில்லை, புவான்?"

"சொல்ல வந்தார். கணவருக்குத் தெரியாமல் மழையில் ஃபெர்ரி ஏறி வந்து, ஐந்து நிமிடம் கேட்டார். நான் கொடுக்கவில்லை. கொப்பி எழுதுவதையாவது நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினார். அதையும் கேட்கவில்லை. பிறகு கணவர் வந்ததும், இவர் தனியாகப் பேச வந்தார் என்று அவரிடம் நானே சொன்னேன். அது அன்று மதியம் இரண்டரை மணிக்கு. அன்று மாலைதான் இது நடந்தது." வகுப்பறைக் குரல், கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. "நல்ல முன்னேற்றம் என்று நான் எழுதியது தவறு. அவர் கேட்கக் கற்றுக்கொள்ளவில்லை. எப்படி விசாரிப்பது என்று என்னிடம் கற்றுக்கொண்டார்."

கூண்டில் தலையாட்டல் நின்றுவிட்டது.

தீர்ப்பு வந்தபோது பதினோரு வருடம் போட்டார்கள். ஐயாத்துரை சொன்னதும் ஒவ்வொன்றாக நடந்தது. உரிமம் கொடுத்த வாரியம் விசாரித்தது, டீச்சர் எதிர்வாதம் செய்யவில்லை, உரிமம் போயிற்று. சங்கத்து மாடியை இப்போது சாமான் அறையாக வைத்திருக்கிறார்கள். வாசு மட்டும் தீபாவளிக்கு மனைவியோடு வந்து பலகாரம் கொடுத்துவிட்டுப் போனார். அவர்களை டீச்சர் உள்ளே கூப்பிடக்கூட இல்லை.

ஆனால் இவையெல்லாம் பிறகு. சாட்சி சொன்ன அன்று, டீச்சர் கோர்ட்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஜெகதீஸ்வரியும் ருக்குமணியும் வெளியே வந்தார்கள். கடந்து போய்விடுவார்கள் என்றுதான் நினைத்தார். ஜெகதீஸ்வரி நின்றாள். ருக்குமணி அவள் கையை இழுத்தாள். அவள் விடுவித்துக்கொண்டு பெஞ்சுக்கு முன்னால் வந்து நின்றாள். தாடை சரியாகச் சேரவில்லை போலும், பேச்சு மெதுவாகத்தான் வந்தது.

"உண்மைய சொன்னீங்க, டீச்சர். தேங்க்ஸ்."

டீச்சர் பெஞ்சில் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்.

"உங்க மேல கோவம் இல்லன்னு சொல்லலாம்னுதான் வந்தேன்" என்றாள் ஜெகதீஸ்வரி. "ஆனா இருக்கு. நெறைய இருக்கு. அவர் மேல இருக்கிறதவிட சில நாள் உங்க மேலதான் ஜாஸ்தியா இருக்கு. அவர் அப்படித்தான்னு எனக்குத் தெரியும். உங்கள நான் நம்பினேன்."

டீச்சருக்குச் சொல்வதற்கு ஆயிரம் இருந்தது. அக்காவைப் பற்றி, மாமா வீட்டைப் பற்றி, தான் ஏன் அப்படி இருந்தேன் என்பதைப் பற்றி. மறுபக்கத்து நியாயம். அதில் ஒன்றையும் அவர் எடுக்கவில்லை. அவள் முகத்தையே பார்த்திருந்தார்.

"அவ்வளவுதான் டீச்சர்" என்றாள் அவள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அக்கா கையைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனாள். ஒரு கண்ணால் பார்த்தால் படியின் ஆழம் தெரியாது. ஒவ்வொரு படியையும் காலால் தடவிப் பார்த்து, நின்று, பிறகுதான் அடுத்த காலை வைத்தாள். பதினாறு படி. அவள் கீழே போய்ச் சேரும் வரைக்கும் புஷ்பராணி டீச்சர் பார்த்துக்கொண்டே இருந்தார்.